பழைய பாவும் புது இழையும்

ஆரணி,
வியாழன் இரவு.

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. உனக்குப் பிடித்த கால்பந்து ஆட்டக்காரர் வேறு கிளப்புக்குப் போய்விட்டார் என்று தெரிந்த நாளிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, சென்னையின் எஃப்.சி. நீல ஜெர்சியைச் சுருட்டிப் பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டாய் என்று அக்கா சொன்னாள். நேற்று போனில் கேட்டபோது “அவன் துரோகி மாமா” என்றாய். அந்தச் சொல் எனக்குப் பொறுக்கவில்லை. போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் தாத்தா கதையிலிருந்து தொடங்குகிறேன். அவர் ஒரு முதலாளியிடம் முன்பணம் வாங்கித் தறி ஓட்டினார். பாவு நூலும் ஊடை நூலும் ஜரிகையும் முதலாளி தருவார், சேலை நெய்து கொடுத்தால் கூலி. கூலி குறைவு என்று வேறு இடம் போக நினைத்தாலும் முன்பணம் காலைக் கட்டிப் போட்டிருந்தது. ஒருநாள் வேறொரு முதலாளி வந்தார். கணக்கு நோட்டில் தாத்தா பெயரில் நின்ற பாக்கியை எண்ணி வைத்துவிட்டு அவரை அழைத்துக்கொண்டு போனார். தெருவில் சிலர் தாத்தாவை நன்றி கெட்டவர் என்று பேசினார்கள். அவருக்கோ, மூன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு வாரம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது. அந்த மூவரில் நானும் ஒருவன், உன் அம்மாவும் ஒருத்தி.

டிரான்ஸ்ஃபர் தொகை என்றால் என்ன என்று கேட்டாயே, ஏறக்குறைய இதுதான். ஒப்பந்தக் காலம் முடியாத ஆட்டக்காரரை வேறு கிளப் கேட்டால், பழைய கிளப்புக்கு ஈடு கொடுத்துத்தான் அழைத்துப் போக முடியும். ஒரு வித்தியாசம் உண்டு. முன்பணம் கடன், அடைக்கும்வரை விடாது. ஆட்டக்காரரின் ஒப்பந்தத்துக்கு முடிவு நாள் உண்டு. அந்த நாள் வந்துவிட்டால் டிரான்ஸ்ஃபர் தொகை எதுவும் இல்லாமல் அவர் போகலாம்.

இந்த உரிமை சும்மா வந்ததில்லை. ஜான் மார்க் போஸ்மான் என்ற பெல்ஜியம் ஆட்டக்காரர் 1990-இல் ஒப்பந்தம் முடிந்த பிறகு பிரான்ஸில் ஆடப் போக நினைத்தார். காலம் முடிந்தும் பழைய கிளப் பணம் கேட்டு மறித்தது. அவர் நீதிமன்றம் போனார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இன்று கடைசி ஆறு மாதத்தில் ஒரு ஆட்டக்காரர் அடுத்த கிளப்போடு பேசலாம் என்பது ஃபிஃபா விதியிலேயே இருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தியவரைத் துரோகி என்று சொல்லாதே கண்ணு. கால்பந்துக்காரரின் உழைக்கும் காலம் பத்துப் பன்னிரண்டு வருஷம். முழங்கால் ஒருமுறை போனால் அதுவும் இல்லை.

இன்னொரு விதியும் தெரிந்துகொள். நாடு விட்டு நாடு டிரான்ஸ்ஃபர் நடந்தால், அந்தத் தொகையில் 5 சதவீதம், அந்த ஆட்டக்காரரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்படும். நெசவு கற்றுக்கொடுத்தவருக்கும் சேலை விலையில் பங்கு உண்டு என்பது போல. நம் தொழிலில் அப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் உன் தாத்தாவுக்குப் பலர் பங்கு கொடுத்திருக்க வேண்டும்.

இப்போது நம் சென்னையின் எஃப்.சி. கதைக்கு வருவோம். 2014-இல் பிறந்த கிளப். ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) முதல் சீசனிலேயே பிரேசில்காரர் எலானோ 8 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கினார். அடுத்த ஆண்டு அது 13 கோல் அடித்த கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசாவுக்கு. அந்த டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் கிடந்தது. நம் ஊரில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள். டிசம்பர் 20, கோவாவில் இறுதி ஆட்டம். தறியை நிறுத்திவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஆட்டம் முடியப் போகிறது, 2-1 என்று கோவா முன்னால் இருக்கிறது. சமன் செய்யும் கோல் விழுந்தது. மூச்சு விடுவதற்குள் மெண்டோசா இன்னொன்று அடித்தார், 3-2. என் வாழ்க்கையில் அவ்வளவு உரக்க நான் கத்தியதில்லை.

அடுத்த சீசனில் எலானோ இல்லை, மெண்டோசாவும் இல்லை. எட்டு அணியில் ஏழாவது இடம்.

2018 மார்ச் 17, மறுபடி இறுதி ஆட்டம். பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பை. அந்த சீசனின் அரையிறுதியில் வியாசர்பாடிப் பிள்ளை தனபால் கணேஷ் தலையால் முட்டி அடித்த கோலை நினைத்தால் இன்னும் சிலிர்க்கிறது. ஆனால் அடுத்த சீசனைப் பார். கேப்டன் செரெனோ போய்விட்டார், கணேஷ் காயத்தால் ஆட முடியவில்லை. மீதிப் பேர் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். முந்தைய சீசனில் 9 கோல் அடித்த ஜேஜே, அந்த சீசன் முழுக்க ஒரே கோல். 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். ஆகவே, யாரும் போகாமல் இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதே.

மூன்றாவது படிப்பினை 2020. லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். நடுவில் பயிற்சியாளராக வந்த ஓவன் கோய்ல், அடிமட்டத்தில் கிடந்த அணியை இறுதிவரை கொண்டுபோனார். கொல்கத்தாவிடம் தோற்றோம். அடுத்த சில மாதத்தில் கோய்லும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார்கள். அதற்கடுத்த சீசனில் நம் அணி 20 ஆட்டத்தில் அடித்தது மொத்தமே 17 கோல், எட்டாவது இடம். பிறகு நடந்ததையும் பார். 2022 ஜனவரியில் வால்ஸ்கிஸ் திரும்பி வந்தார், 2023-இல் கோய்லும் வந்தார். வெளியே போகும்போது நாம் வாரி இறைத்த வசவு அவர்கள் காதில் விழுந்திருந்தால் எந்த முகத்தோடு வரவேற்றிருப்போம்?

அனிருத் தாபாவையும் நினைத்துப் பார். டேராடூன் பையன், 2016-இல் 18 வயதில் நம் ஜெர்சி போட்டார். ஏழு சீசன் நம்மோடு. கேப்டன் ஆனார். 2023-இல் மோகன் பகான் நம் கிளப்புக்குத் தொகை கொடுத்து அழைத்துக்கொண்டது. அன்று எனக்கும் வலித்தது. ஆனால் அவர் ஏழு வருஷம் உழைத்தார், கிளப்புக்கும் கையில் பணம் வந்தது. நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அந்தப் பணத்தில் அடுத்த தாபாவை எங்கே தேடுகிறார்கள்?

கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. கதை இதைவிடப் பெரிய பாடம். 2018-19 ஐ-லீக்கை ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக எடுத்து வென்ற அணி. பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார். அந்த அணியின் நடுக்களத்தில் நின்ற எட்வின் என்ற ஆட்டக்காரர் 2019-இல் சென்னையினுக்கு வந்தார். 2020 ஜனவரியில் மான்சி ஜப்பானுக்குப் போனார். 2021-22 ஐ-லீக்கில் அந்தக் கிளப்பின் பெயரே இல்லை. ஆள் போனது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். கிளப் என்ற வீடு உறுதியாக இல்லாவிட்டால் கோப்பைகூட அதைக் காப்பாற்றாது என்பதைத்தான் சொல்கிறேன். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனே நிறுத்தி வைக்கப்பட்டபோது, அடுத்த சம்பளம் வருமா என்று ஆட்டக்காரர்கள் கலங்கி நின்றதை நீயே பார்த்தாய்.

சரி, ஆட்டக்காரர்கள் கிளப் மாறும் காலமான டிரான்ஸ்ஃபர் விண்டோவை எப்படிப் பார்ப்பது? நம் தறியைப் பார். ஒரு பாவு நெய்து முடியும்போது பழைய இழைகளை அச்சிலிருந்தும் விழுதிலிருந்தும் உருவி எறிய மாட்டோம். ஒரு முழம் விட்டு வைப்போம். புதுப் பாவைக் கொண்டுவந்து, விரல் நுனியில் சாம்பல் தொட்டு, பழைய இழையின் முனையோடு புது இழையின் முனையைச் சேர்த்து முறுக்குவோம். ஆயிரக்கணக்கான இழை. ஒன்று மாறிப் போனாலும் சேலையில் கோடு விழும். எல்லாம் பிணைத்த பிறகு மெல்ல இழுத்தால், பழைய இழை வழிகாட்ட, புதுப் பாவு விழுதையும் அச்சையும் தாண்டி முன்னால் வரும். பழையதை மொத்தமாக அறுத்துவிட்டால் ஒவ்வொரு இழையையும் புதிதாகக் கோக்க வேண்டும், நாள் கணக்கில் தறி நிற்கும். அதற்காக நைந்த இழையையும் விட்டு வைக்கக் கூடாது, நெய்யும்போது அறுந்து மானத்தை வாங்கும்.

அணிக்கும் இதுதான். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரையிலும் ஜனவரியிலும் யார் வருகிறார் என்று ஊரே பார்க்கும். நீ, யார் தங்குகிறார் என்று முதலில் பார். இறங்கும் பதினொருவரில் வெளிநாட்டவர் நான்கு பேர்தான் என்பது 2021-22 முதல் ஐ.எஸ்.எல். விதி. மீதி ஏழு பேர் நம் நாட்டுப் பிள்ளைகள். பாவு அவர்கள்தான். மெண்டோசாவும் வால்ஸ்கிஸும் ஜரிகை, முதலில் கண்ணில் படுவது அதுதான். அந்த ஏழு பேரில் எத்தனை பேருக்கு இன்னும் இரண்டு வருஷ ஒப்பந்தம் இருக்கிறது? புதிதாக வருபவர் யாருடைய இடத்துக்கு வருகிறார், பக்கத்தில் நிற்பவரோடு சேர்வாரா? இளையோர் அணியிலிருந்து ஒருவராவது மேலே வருகிறாரா? இவற்றுக்குப் பதில் சரியாக இருந்தால், பெரிய பெயர் எதுவும் வராவிட்டாலும் நிம்மதியாக இரு. சரியாக இல்லையென்றால் கிளப்பைக் கேள், உரக்கக் கேள். அது ரசிகனின் உரிமை. போனவரை வையாதே.

ஜெர்சியை எடுத்துத் துவைத்துக் காயப்போடு. ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் ஆரணிக்கு வா. தறியில் பாவு தீர்ந்துவிட்டது, புதுப் பாவு சுருட்டித் தயாராக இருக்கிறது. நான் பிணைக்கிறேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து இழை எடுத்துக் கொடு. அத்தை உனக்காக இட்லிக்கு மாவு ஆட்டி வைக்கிறாள்.

அன்புடன்,
மாமா