போர்ட் எண் மோதுகிறதா?

அரூரில் எங்கள் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி, ப்ராஜெக்ட்டுக்காக ஸாம்ப் நிறுவியிருந்தார். அதிலுள்ள அப்பாச்சி வெப் சர்வரை ஸ்டார்ட் செய்தால் உடனே நின்றுவிடுகிறது. மறுநாள் கல்லூரியில் காட்ட வேண்டும். "அண்ணா, விண்டோஸை ஃபார்மட் பண்ணிடலாமா?" என்றார். வேண்டவே வேண்டாம்!

கம்ப்யூட்டரில் 0 முதல் 65535 வரை போர்ட் எண்கள் உண்டு. பஸ் ஸ்டாண்டு கடை எண்கள் மாதிரி. ஒரு கடையில் ஒருவர்தான். அப்பாச்சி கேட்பது 80. அங்கே யார் இருக்கிறார்கள்?

கமாண்ட் ப்ராம்ப்ட்டில் நெட்ஸ்டாட் என ஆங்கிலத்தில் டைப் செய்து, இடம் விட்டு, மைனஸ் குறியுடன் ஏ, என், ஓ சேர்த்து என்டர் தட்டவும். 80 உள்ள வரியின் கடைசியில் இருப்பது பி.ஐ.டி. எண். டாஸ்க் மேனேஜரில் அதைத் தேடினால் சாஃப்ட்வேர் பெயர் தெரியும். மாணவிக்கு 4 வந்தது, பெயர் சிஸ்டம். விண்டோஸின் ஐ.ஐ.எஸ். வெப் சர்வர் இப்படித்தான் தெரியும். வேறொரு பாடத்துக்காக அவரே முன்பு போட்டதுதான்!

புது எண்ணுக்கு 1023 வரை தொடாதீர்கள். 49152-க்கு மேல் விண்டோஸ் தற்காலிக இணைப்புகளுக்கு எடுத்துக்கொள்ளும். 3306 மைஎஸ்க்யூஎல்லுக்கு. எல்லோரும் ஓடுவது 8080-க்கு. டாம்கேட்டும் அங்கேதான் வரும், அதனால் நான் தவிர்ப்பேன். 8085 நெட்ஸ்டாட் பட்டியலில் இல்லை, அதையே எடுத்தோம்.

ஸாம்ப் பேனலில் அப்பாச்சிக்கு நேராக உள்ள கான்ஃபிக் பட்டனை அழுத்தி, முதல் ஃபைலைத் திறக்கவும். லிஸன், சர்வர்நேம் வரிகளில் 80-ஐ 8085 ஆக்கி, சேவ் செய்து ஸ்டார்ட் செய்யவும். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்டை அடுத்து கோலன் போட்டு 8085 தர வேண்டும். மறந்தால் ஐ.ஐ.எஸ். பக்கம்தான் வரும்.