கூட்டைக் கூட்டுவது யார்?

"நாப்பது வருசம் கோழிப்பீ அள்ளியாச்சு. டவுனுக்கு வந்தும் அதே பொழப்பா?"

அத்தை இப்படிக் கேட்டபோது என் கணவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். அம்மாவுக்காகத்தான் கோழி வாங்குவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மாமா தவறிய பிறகு, உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அத்தையை மதுரைக்கு எங்களோடு கூட்டி வந்துவிட்டோம். ஊரில் ஆடு, கோழி என்று இருந்தவர் இங்கே டி.வி. முன்னால் உட்கார்ந்தே கிடக்கிறாரே, நாலு கோழி இருந்தால் அவருக்கும் பொழுது போகும் என்பது மகனின் கணக்கு. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் குஞ்சுகள் சிதறி ஓடுவது மகனுக்கு நினைவிருக்கிறது. அத்தைக்கு நினைவிருப்பது விளக்குமாறு.

கோழி வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்பவர்கள், எந்த இனம், கூண்டு எத்தனை அடி என்றுதான் தொடங்குகிறார்கள். நான் முதலில் கேட்பது, கூட்டை யார் கூட்டப் போகிறார்கள் என்று. பதில் "வீட்டுல அம்மா இருக்காங்க" என்று வந்தால், அந்த அம்மாவிடம் கேட்டீர்களா என்பது என் அடுத்த கேள்வி.

எங்கள் வீட்டில் கோழி வந்ததே யாரையும் கேட்காமல்தான். ஆறு வருடத்துக்கு முன்னால், சித்திரைத் திருவிழா சமயம். மூன்றாம் வகுப்பு முடித்திருந்த மகளைக் கூட்டிக்கொண்டு போன என் கணவர், அட்டைப் பெட்டியில் ஆறு கலர் குஞ்சுகளோடு திரும்பினார். ரோஸ், பச்சை, மஞ்சள். முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குப் பெட்டைகள் மட்டும்தான் வேண்டும். சேவல் முட்டை போடாது, அந்த இனத்தில் கறியும் பிடிக்காது. அதனால் பொரிப்பகத்தில் பொரித்த அன்றே சேவல் குஞ்சுகளைப் பிரித்துத் தள்ளிவிடுவார்கள். சாயம் பூசித் தெருவில் விற்பவை பெரும்பாலும் அவைதான். இது எங்களுக்கு அப்போது தெரியாது. முதல் வாரத்தில் குஞ்சுக்குக் கிட்டத்தட்ட 35 டிகிரி வெப்பம் வேண்டும், தாய்க்கோழியின் சிறகு இல்லாத இடத்தில் பல்பு போட்டாவது அந்தச் சூட்டைக் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியாது. மின்விசிறிக்குக் கீழே வைத்திருந்தோம். நாலு நாளில் நாலு போய்விட்டது. மகள் ஒவ்வொன்றையும் முருங்கை மரத்தடியில் புதைத்தாள்.

மிஞ்சிய இரண்டும் வெள்ளை வெளேரென்று வளர்ந்தன. கொண்டை சிவந்தது. ஒரு நாள் விடிகாலை மூன்றரைக்குக் கூவத் தொடங்கின.

நகரத்தில் கோழி வளர்ப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: முட்டைக்குச் சேவல் தேவையில்லை. படித்தவர்கள் பலர் இதை நம்புவதில்லை. பெட்டை தன்பாட்டுக்கு முட்டையிடும். அதைப் பொரிக்க வைக்க வேண்டுமானால்தான் சேவல் சேர்ந்திருக்க வேண்டும். அடுத்த வீட்டுச் சுவர் ஆறடி தூரத்தில் இருக்கும் தெருவில் சேவல் வளர்ப்பது தினமும் ஒரு சண்டைக்கு அச்சாரம் கொடுப்பது போல. பக்கத்து வீட்டில் இரவு வேலைக்குப் போய்வரும் பையன் ஒருவன் இருந்தான். அவன் அம்மா ஒரு மாதம் பொறுத்தார். பிறகு வாசலில் நின்று, கோபமே இல்லாத குரலில், "கொஞ்சம் பாத்துக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருக்கலாம்.

இரண்டு சேவல்களையும் ஊரில் இருக்கும் உறவினர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். "அங்க நல்லா இருக்கும்மா" என்று மகளிடம் சொல்ல என் கணவரும் நானும் ஏற்பாடு. அவளோ எங்களிடம் கேட்கவில்லை, நேராக அப்பத்தாவிடம் போனாள். "இந்நேரம் கொழம்பு வச்சிருப்பாக தாயி" என்றார் அத்தை, பட்டாணி உரித்தபடி. இரண்டு நாள் பிள்ளை பேசவில்லை. மூன்றாம் நாள், "அப்ப எனக்குத் தெரிஞ்சுட்டா பரவால்ல. பொய் சொல்லாதீங்க" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம்: கோழி வருவதற்கு முன்பே அதைச் சாப்பிடுவோமா மாட்டோமா என்று முடிவு செய்துவிடுவோம். நாங்கள் கறி சாப்பிடுகிறவர்கள்தான், ஆனால் வளர்த்ததைச் சாப்பிடுவதில்லை. வயதாகி முட்டை நின்றுபோனதும் அது இங்கேயே தின்றுகொண்டு திரியும். இதுதான் சரி என்று நான் வாதாட மாட்டேன். வளர்த்ததை அறுத்துச் சாப்பிடும் வீடு எங்களைவிட நேர்மையான வீடாகவும் இருக்கலாம். பேசி முடிவெடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இடையில் கொல்லைப்புறத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டின் பின்னால் கிட்டத்தட்ட ஒரு சென்ட் இடம். முருங்கை, கறிவேப்பிலை, துணி துவைக்கும் கல். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தங்களுக்கும் அது கண்ணில் குத்தும். "ஒரு போர்ஷன் இழுத்துக் கட்டினா மாசம் ஏழாயிரம் வாடகை வருமே, கோழிக்கு விட்டு வச்சிருக்கீங்களே" என்பார்கள். அதே மூச்சில், "பாப்பாவுக்குத் துணைக்கு இன்னொண்ணு பெத்திருக்கலாம்" என்பதும் வரும். இரண்டுக்கும் நான் உயர்ந்த காரணம் எதுவும் வைத்திருக்கவில்லை. குடித்தனக்காரரோடு மோட்டார் போடும் நேரத்துக்குச் சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை. முதல் பிரசவத்தில் பட்டதற்குப் பிறகு இன்னொன்றுக்கும் தெம்பில்லை. அவரும் ஒப்புக்கொண்டார். யோசனை சொன்ன ஒருவரும், பெற்றால் ஆறு மாதம் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் குடும்ப முடிவுகளை எடுத்துத் தருகிறவர்களுக்கும் என் கணவரின் பஞ்சார நினைவுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

சரி, கோழிக்கு வருகிறேன்.

சேவல்கள் போன பிறகு, சத்தமில்லாத வீடு அவருக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. இந்த முறை வாரச்சந்தையில் நாலு விடைக்கோழிகள் வாங்கி வந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஐந்தாம் நாள் ஒன்று தீனி எடுக்காமல் ஒடுங்கி நின்றது. எச்சம் வெள்ளையும் பச்சையுமாகப் போனது. மறுநாள் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. அத்தை தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "வெள்ளக் கழிச்சல். நாலும் போச்சு" என்றார். மூன்று போனது. ராணிக்கெட் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் இந்த நோய் வந்த பிறகு மருந்து கிடையாது, வருமுன் தடுப்பூசிதான். குஞ்சாக இருக்கும்போது முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு; எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் ஊசி. நாலு கோழிக்காரருக்கு இதில் ஒரு தொல்லை உண்டு. மருந்துக் குப்பி நூறு கோழிக்கான அளவில் வரும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் தனியாக வாங்குவது வீண். அரசு கால்நடை மருந்தகத்தில் எந்த நாளில் கோழிகளுக்குப் போடுகிறார்கள் என்று கேட்டு, கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு போவதுதான் வழி. இப்போது நான் சந்தையில் வாங்குவதில்லை. பல ஊர்க் கோழிகள் ஒன்றாக அடைபட்டிருக்கும் இடத்தில் எது எதை வாங்கிக்கொள்ளும் என்று யாரால் சொல்ல முடியும்? ஊசி போட்டு வளர்க்கும் ஒரு வீட்டில் வாங்குகிறேன். எங்கே வாங்கினாலும் புதுக்கோழியைப் பழையவற்றோடு சேர்ப்பதற்கு முன் இரண்டு வாரம் தனியாக வைக்கிறேன்.

கூண்டு ஆறடிக்கு நாலடி, தரையிலிருந்து இரண்டடி உயரம். முதலில் அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை அடித்தோம். தெருநாய் ஒரே இரவில் கிழித்தது. பிறகு அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ். கீரி, பெருச்சாளி, சாரை என்று டவுனிலும் எல்லாம் உண்டு, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. இவ்வளவு செய்தும் ஒரு கோழியைப் பூனை தூக்கியது. அன்று தாழ்ப்பாள் போட மறந்தது நான். ஆறரை மணிக்குக் கோழிகள் தாமாகவே வந்து அடையும். நாம் வந்து பூட்ட வேண்டும். தினமும். வெளியூர்க் கல்யாணம், குலசாமி கும்பிடு என்று குடும்பத்தோடு கிளம்பினால் யார் வந்து பூட்டுவது? இதற்கு ஆள் இல்லாதவர்கள் கோழி வாங்க வேண்டாம் என்பேன். எங்களுக்குப் பூட்டித் தருவது, சேவலுக்காக வாசலில் வந்து நின்ற அதே அம்மா. கிடைக்கும் முட்டையில் ஒரு பங்கு அவர் வீட்டுக்குப் போகிறது.

நாற்றம்தான் அடுத்த வீட்டின் இன்னொரு புகார். காய்ந்த எச்சம் அவ்வளவு நாறாது. ஈரம் பட்டதுதான் மூக்கைத் துளைக்கும், ஈயும் மொய்க்கும். தரையில் நாலு அங்குலம் நெல் உமி பரப்பி, தினம் ஒரு தடவை கிளறிவிட்டு, தண்ணீர்ச் சட்டியை உமிக்கு வெளியே வைத்தால் போதும். கோழி எரு சூடானது. அப்படியே செடிக்குப் போட்டால் கருகிவிடும். என் மல்லிகைச் செடி அப்படித்தான் போயிற்று. காய்ந்த இலையோடு மக்கவைத்து நாலு மாதம் கழித்துப் போடுகிறேன்.

மதுரை வெயிலில் தகரக் கூரை அடுப்பு மாதிரி. சித்திரை, வைகாசியில் நனைத்த சாக்கைக் கூரையில் போட்டு, மண்சட்டியில் மூன்று வேளை தண்ணீர் மாற்ற வேண்டும். கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்தால் அதற்குத் தாங்கவில்லை என்று அர்த்தம். மண்ணில் புரள ஒரு மூலை வேண்டும். சாம்பல் கலந்துவிட்டால் செள்ளும் பேனும் குறையும். ஊறுகாய், உப்புப் பண்டம் போடாதீர்கள். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் தோல்முட்டை குறையும்.

காசுக் கணக்கைக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. ஒரு கோழி ஒரு நாளைக்குச் சுமார் 100 கிராம் தின்னும். நாலுக்கு மாதம் 12 கிலோ. குருணை, கம்பு கிலோ 30 ரூபாய் என்று வைத்தாலும் வருடம் 4,320 ரூபாய். பண்ணைக்கோழி வருடம் 300 முட்டை இடும். நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். வருடம் 70 கிடைத்தால் பெரிது. நாலு கோழிக்கு 280. அதாவது முட்டை ஒன்று 15 ரூபாய், எங்கள் பக்கம் கடையில் நாட்டுக்கோழி முட்டை விற்கும் விலை. அடுப்படி மிச்சமும் கீரைத் தண்டும் போட்டுத் தீனியைப் பாதியாகக் குறைக்கலாம்தான். கூண்டுக்குப் போட்ட 6,500 ரூபாய் அதில் எப்போது வரும் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அடை என்றதும் அத்தையின் பேச்சு வருகிறது. கோழி அடைக்கு உட்கார்ந்தால் வாரக்கணக்கில் முட்டை இல்லை. மூக்கில் இறகைச் செருகுவது, தண்ணீரில் முக்குவது என்று ஊரில் வைத்தியம் உண்டு. எனக்கு மனசு வரவில்லை. வைக்கோல் இல்லாத, அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில் நாலு நாள் விட்டால் அடை தெளிந்துவிடுகிறது. ஒரு முறை மகள் ஆசைப்பட்டாள் என்று, சேவல் உள்ள வீட்டிலிருந்து ஒன்பது முட்டை வாங்கி அடை வைத்தோம். அதுவரை கூண்டுப் பக்கமே வராத அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கூடையில் மணல் எவ்வளவு, வைக்கோல் எவ்வளவு, இடிக்கு ஒரு இரும்புத் துண்டும் கரியும் மிளகாய் வற்றலும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மகள் செய்தாள். ஏழாம் நாள் அவள் போன் டார்ச்சில் முட்டையைக் காட்ட, உள்ளே ரத்த நரம்பைப் பார்த்து அப்பத்தாவுக்கே ஆச்சரியம். இரண்டு கூமுட்டை. இருபத்தோராம் நாள் ஏழு பொரித்தன.

"நீங்களே செய்யலாமே அத்தை, கை பழகினதுதானே" என்றேன்.

"வாயால எம்புட்டு வேலைன்னாலும் செய்வேன் தாயி. வெளக்குமாத்த மட்டும் நீட்டாத" என்றார்.

வேலைப் பட்டியலை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம். தண்ணீரும் முட்டை எடுப்பதும் மகள். தீனியும் இரவுப் பூட்டும் நான். இப்போது நாலு பெட்டைகள் இருக்கின்றன; சேவல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூண்டைக் கழுவுவது என் கணவர்.