ஒரே மரம், ரெண்டு இளைப்பு: ஒமாலிசுமாப் ஊசி எதுக்கு வேலை செய்யும்?

காரியாபட்டியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸில் போனா, ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய வரை சீமைக்கருவேலம்தான். இந்த மரம் நம்ம மூச்சை ரெண்டு வழியில் பிடிக்கும். பூக்கும்போது அதன் மகரந்தம். வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கும்போது அதன் புகை. வெளியே பார்த்தா ரெண்டும் ஒரே இளைப்பு. உள்ளே நடக்கிற கதை வேற. அலர்ஜி ஆஸ்துமாவுக்குப் போடுற ஒமாலிசுமாப் ஊசி (கடையில் ஸோலேர்) முதல் கதைக்கு மட்டும்தான். ஒரு குப்பியே ஆயிரக்கணக்கான ரூபாய் என்பதால், வீட்டில் யாருக்காவது இதைக் கேட்கும் முன் இந்த வித்தியாசம் தெரிஞ்சிருக்கணும்.

மகரந்தம், வீட்டுத் தூசியில் வாழும் உண்ணி, கரப்பான் இதெல்லாம் சிலருக்கு ஐஜிஇ என்ற ஆன்டிபாடியை உருவாக்க வைக்கும். இதை 1966-ல் அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே, டெருகோ இஷிசாகா தம்பதி கண்டுபிடிச்சாங்க. அதே காலத்தில் சுவீடனில் யோஹான்சனும் பென்னிச்சும் தனியா அதே இடத்துக்கு வந்து சேர்ந்தாங்க.

நம்ம மாவட்ட பாஷையில் சொன்னா, மூச்சுக்குழாயிலும் தோலிலும் இருக்கிற மாஸ்ட் செல்தான் வெடி. உள்ளே இருக்கிற மருந்து ஹிஸ்டமின். ஐஜிஇ அதில் செருகும் திரி. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ரெண்டு திரியை ஒரே மகரந்தப் புரதம் சேர்த்துப் பிடிச்சா வெடிக்கும். ஒமாலிசுமாப்பும் ஒரு ஆன்டிபாடிதான். அது ஐஜிஇ-யின் எந்த முனை செல்லில் செருகுமோ, அந்த முனையையே போய்ப் பிடிச்சுக்கும். ரத்தத்தில் சும்மா மிதக்கிற திரியை இனி செருக முடியாது. ஏற்கெனவே செருகிய திரியில் அந்த முனை மறைஞ்சிருக்கும். அதனால் ஊசி மருந்தே போய் வெடியைப் பத்தவைக்காது. இந்த டிசைன்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. திரி வரத்து குறைஞ்சதும் செல் தன் மேல் இருக்கிற துளைகளையும் மெதுவா குறைச்சுக்கும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். பலன் இருக்கா இல்லையா என்று 16 வாரம் பார்த்துத்தான் டாக்டர்கள் முடிவு செய்வாங்க.

டோஸ் கணக்கு நம்ம ஆட்களுக்கு. உடல் எடை × ஐஜிஇ அளவு × 0.016, நாலு வாரத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை மில்லிகிராம். 60 கிலோ, ஐஜிஇ 200 என்றால் 192 வரும். அட்டவணை அதை மேலே ஏத்தி 300 என்று கொடுக்கும். ஆனா ஐஜிஇ கூடினாலே அலர்ஜி என்று அர்த்தமில்லை. வயிற்றில் புழு இருந்தாலும் அது ஏறும் (ஸ்கூலில் பூச்சி மாத்திரை தின்னது ஞாபகம் இருக்கா?). எந்தப் பொருள் ஒத்துக்கலை என்று தோலிலோ ரத்தத்திலோ டெஸ்ட் எடுத்துப் பார்க்கணும். இன்ஹேலர் ஸ்டீராய்டை ஒழுங்கா எடுத்தும் அடங்காத ஆஸ்துமாவுக்குத்தான் இந்த ஊசி.

இப்போ கரிமூட்டப் புகை. பட்டாசு ஆலையின் கந்தகத் தூசியும் இதே ரகம். இங்கே திரியே கிடையாது. புகை மூச்சுக்குழாயை நேரா எரிச்சலூட்டிச் சுருங்க வைக்குது. ஐஜிஇ-யைப் பிடிச்சு என்ன ஆகப்போகுது? அந்த வேலையில் இருக்கிறவருக்கு முதல் சிகிச்சை புகையைக் குறைக்கிறதுதான். அலர்ஜி உள்ளவரே மூட்டத்திலும் நின்னா ரெண்டும் சேர்ந்து அடிக்கும். அவர் ஊசி போட்டாலும் புகையில் இளைக்கும்.

ஆஸ்துமாவுக்கு அமெரிக்காவில் 2003-ல் அனுமதி கிடைச்ச இதே ஊசிக்கு, 2014-ல் நாள்பட்ட காணாக்கடிக்கும் அனுமதி வந்தது. ஆறு வாரத்துக்கு மேல் தடிப்பு வந்து வந்து போனா அது நாள்பட்டது. பெரும்பாலும் வெளியில் குற்றவாளி யாரும் இருக்கமாட்டாங்க. கத்தரிக்காய், கருவாடு என்று ஒவ்வொண்ணா நிறுத்தி வாய் செத்ததுதான் மிச்சம். முதலில் தூக்கம் வராத ரக ஆன்டிஹிஸ்டமின், அதையே டாக்டர் சொல்படி நாலு மடங்கு வரை. அதற்கும் அடங்கலைன்னாதான் ஊசி, வழக்கமா மாசம் 300 மி.கி. இங்கே எடையும் பார்க்கிறதில்லை, ஐஜிஇ-யும் பார்க்கிறதில்லை.

ஆயிரத்தில் ஒண்ணு ரெண்டு பேருக்கு இந்த ஊசியே கடுமையான அலர்ஜியைக் கிளப்பும். அதனால் முதல் மூணு ஊசிக்கும் ரெண்டு மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே உட்காரச் சொல்வாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிடாதீங்க. மூச்சு திணறுற அந்த நிமிஷத்துக்கு இந்த ஊசி உதவாது. அதுக்கு எப்பவும் போல கையில் இன்ஹேலர் இருக்கணும்.