நல்ல புரோகிராமர் எழுதினால் போதாதா?

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் நினைவகப் பிழை என்று செய்தி வந்ததும் பெரும்பாலோர் மனதில் ஓடுவது ஒன்றுதான்: யாரோ கவனமில்லாமல் எழுதியிருக்கிறார்கள். தேர்ந்த கை எழுதி, பல கண்கள் பார்த்து, சில ஆண்டுகள் ஓடிப் பழகிய நிரலில் இப்படிப்பட்ட ஓட்டை இருக்காது என்பது, கணினித் துறைக்கு வெளியே இருப்பவர்களைவிட உள்ளே இருப்பவர்களிடம்தான் இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கும் நம்பிக்கை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடந்த பத்து ஆண்டுகளில் வெளிவந்த முக்கியமான பிழைகள் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தால், குற்றவாளி என்று கைகாட்ட ஓர் ஆள்கூட அகப்படுவதில்லை. அகப்படுவது எழுதப்பட்ட மொழிதான்.

லினக்ஸ், விண்டோஸ், ஐஃபோனின் உள்ளே இருப்பது என எல்லாக் கெர்னல்களும் பெரும்பாலும் சி மொழியிலோ அதன் வாரிசான சி++ மொழியிலோ எழுதப்பட்டவை. சி மொழி நினைவகத்தின் முகவரியை நேரடியாகப் புரோகிராமர் கையில் கொடுத்துவிடும். 20 இடம் ஒதுக்கிய பட்டியலில் 21-ஆவதைக் கேட்டாலும் மறுக்காது, பக்கத்தில் என்ன கிடக்கிறதோ அதை எடுத்துத் தரும். திருப்பிக் கொடுத்துவிட்ட இடத்தைத் தொட்டாலும், இன்னும் எதுவுமே எழுதாத இடத்தைப் படித்தாலும் அப்படித்தான். இந்த விதிகளெல்லாம் எழுதுகிறவரின் தலைக்குள் மட்டுமே இருக்கின்றன. கெர்னலுக்கோ கணினியின் மொத்த நினைவகத்தையும் தொட அதிகாரம் உண்டு என்பதால், அங்கே விதி மீறினால் தடுக்க மேலே வேறு யாரும் இல்லை. தான் ஆண்டுதோறும் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 விழுக்காடு இந்த வகைதான் என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்னது. குரோம் உலாவியின் தீவிரமான பாதுகாப்புப் பிழைகளைக் கணக்கெடுத்த கூகுளும் அடுத்த ஆண்டில் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் சொன்னது. திறமையான ஆட்களுக்குப் பஞ்சமில்லாத இரண்டு நிறுவனங்கள், வெவ்வேறு நிரல்கள், ஒரே விகிதம்.

‘டர்ட்டி பைப்’ என்று பெயர்பெற்ற பிழை வெளிப்பட்ட கதை இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. இணையதளங்களைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வர்களில் லாக் கோப்புகள் அவ்வப்போது கெட்டுப்போவதாக 2021-இல் புகார் வந்தது. சுருக்கி வைத்த கோப்பை விரித்தால் எல்லாம் சரியாக வந்து, கடைசியில் சரிபார்ப்பு எண் மட்டும் பொருந்தாமல் நின்றது. அங்கே வேலை செய்த மாக்ஸ் கெல்லர்மன் கெட்ட கோப்புகளின் கடைசி 8 பைட்டுகளை எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே 8 பைட்டுகள்! அவை ஒரு ஸிப் கோப்புக்குள் இருக்க வேண்டிய தலைப்பின் தொடக்கம். கெட்டவற்றில் பெரும்பாலானவை மாதத்தின் கடைசி நாளுக்கு உரியவை. ஒரு மாதத்து லாக்குகளை வரிசையாக அனுப்பிவிட்டு, அவற்றை அடுத்து ஸிப் தலைப்பை எழுதும் செயலி ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் லாக் கோப்புகளைப் படிக்கத்தான் அதற்கு அனுமதி, எழுத அல்ல. அனுமதியில்லாத கோப்பில் எழுத்து விழுகிறது என்றால், எழுதியது கெர்னலாகத்தான் இருக்க வேண்டும்.

காரணம் இரண்டு இடங்களில், நான்கு ஆண்டு இடைவெளியில் கிடந்தது. 2016-இல், செயலிகளுக்கிடையே தரவு கடத்தும் லினக்ஸின் பைப் பகுதியில் சேர்ந்த நிரல், ஒரு சிறு கட்டமைப்பை உருவாக்கும்போது அதன் கொடிகளுக்கான (ஆம்/இல்லை குறிகளுக்கான) இடத்தை நிரப்பாமல் விட்டது. முன்பு அந்த இடத்தில் என்ன இருந்ததோ அதுவே தங்கியது. அப்போது அதனால் கெடுதல் எதுவும் இல்லை. 2020-இல், 5.8 பதிப்பில், வேறொரு நோக்கத்துக்காகப் பைப் நிரலை ஒழுங்குசெய்தபோது, ‘இந்தப் பக்கத்தோடு சேர்த்து எழுதலாம்’ என்று சொல்லும் கொடி ஒன்று அதே இடத்துக்கு வந்தது. அன்றிலிருந்து, மிச்சம் கிடந்த பழைய கொடியை நம்பி, படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பின் நினைவகப் பிரதியில் கெர்னல் எழுத ஆரம்பித்தது. சாதாரணப் பயனர் ஒருவர் கடவுச்சொல் கோப்பையே மாற்றி முழு அதிகாரத்தைப் பிடிக்க இது போதும். 2016-இன் மாற்றத்தைத் தனியாகப் பார்த்தவருக்கு ஆபத்து தெரிந்திருக்காது. 2020-இன் மாற்றம் தனியாகப் பார்த்தால் சரியே. இரண்டும் உலகின் தேர்ந்த கெர்னல் பொறியாளர்களின் சரிபார்ப்பைத் தாண்டி வந்தவை. 2022 மார்ச்சில் பிழை பகிரங்கமானது. திருத்தமோ, கொடியைச் சுழியாக்கும் ஒரு வரி, இரண்டே இடங்களில். நிரப்பாத இடத்தைப் படிக்கவே விடாத மொழி என்றால் 2016-இலேயே கம்பைலர் நிறுத்திக் கேட்டிருக்கும்.

‘சின்னப் பிழை, சின்னக் கேடு’ என்ற எண்ணத்துக்கும் இங்கே இடமில்லை. வலைப் போக்குவரத்தை வடிகட்டும் நெட்ஃபில்டர் என்ற லினக்ஸ் பகுதியில் 2006-இல் நுழைந்த பிழை ஒன்று 15 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்து 2021-இல் வெளியானது. ஒதுக்கிய இடத்தின் எல்லைக்கு வெளியே சில பைட்டுகளில் அது சுழியை எழுதும், அவ்வளவுதான். என்ன எழுதுவது என்பதைத் தாக்குபவர் தேர்ந்தெடுக்கக்கூட முடியாது. கண்டுபிடித்த ஆண்டி நுவென் அந்தச் சுழிகளில் இரண்டே பைட்டுகளை எடுத்துக்கொண்டார். அவற்றை, அடுத்திருந்த ஒரு செய்தியின் பாயின்டர் மேல், அதாவது நினைவக முகவரி மேல், விழச்செய்தார். அது வேறொரு செய்தியின் இடத்தைச் சுட்டத் தொடங்கியது. ஒரே இடத்துக்கு இருவர் உரிமை கொண்டாடும் நிலை வந்ததும், ஒருவர் அதை விடுவிக்க மற்றவர் பயன்படுத்த, படிப்படியாக முழுக் கெர்னலும் கையில் வந்தது. தனித்து அடைத்து வைத்திருக்கும் கன்டெய்னரிலிருந்தும் இதை வைத்து வெளியேறினார்.

தாக்குபவரே இல்லாமலும் கேடு வரும். 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் கெர்னலுக்குள் ஓடுவது. அன்று வந்த அதன் அப்டேட் 21-ஆவது உள்ளீட்டை ஒப்பிடச் சொன்னது. நிரல் கொடுத்ததோ 20. முந்தைய கோப்புகளில் அந்த 21-ஆவது களம் ‘எதுவானாலும் சரி’ என்று விடப்பட்டிருந்ததால் சோதனைகளில் மாட்டவில்லை. எல்லை தாண்டிப் படித்தது, கணினி விழுந்தது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பாதுகாப்பான மொழியும் எல்லை தாண்டலைக் கண்டவுடன் நிரலை நிறுத்தவே செய்யும், கெர்னலுக்குள் அப்படி நிறுத்துவது கணினியையே நிறுத்துவதாகலாம். ஆனால் அந்த இடம் எது, அங்கே என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதவைக்கும் வாய்ப்பு அத்தகைய மொழியில் உண்டு. சி மொழியில் அந்தக் கேள்வியே எழுவதில்லை.

‘அப்படியானால் மூன்று கோடி வரிக்கும் மேற்பட்ட லினக்ஸை மொத்தமாகத் திருப்பி எழுதச் சொல்கிறீர்களா?’ என்பதுதான் வழக்கமான எதிர்க்கேள்வி. இல்லை. ஆண்ட்ராய்டின் அனுபவம் இங்கே உதவுகிறது. 2019-இல் ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு ஓட்டைகளில் 76 விழுக்காடு நினைவகப் பிழைகள். 2024-இல் அது 24 விழுக்காடு. இது கெர்னலுக்கு மட்டுமான கணக்கல்ல, மொத்த அமைப்புக்கும் சேர்த்தது. ஆனால் அந்த இடைவெளியில் கூகுள் பழைய நிரலில் பெரிதாகக் கைவைக்கவில்லை. புதிதாக எழுதுவதை மட்டும், நினைவக விதிகளை மொழியே காக்கும் ரஸ்ட் போன்ற மொழிகளுக்கு மாற்றிக்கொண்டே வந்தது. நினைவகப் பிழைகள் பெரும்பாலும் புதிய நிரலில் பிறப்பவை. நாளாக ஆக, தேடித் திருத்தப்பட்டு, பழைய நிரலில் அடர்த்தி குறைகிறது. நெட்ஃபில்டர் பிழை 15 ஆண்டு இருந்ததே என்று கேட்கலாம். உண்மைதான், குறைவது என்றால் தீர்ந்துபோவது அல்ல. அதனால்தான் பழைய சி நிரலுக்கு சிஸ்காலர் போன்ற தானியங்கிச் சோதனைக் கருவிகளும், நினைவகத்துக்கே அடையாளக் குறி வைக்கும் புதிய புராசஸர்களும் இன்னும் நெடுங்காலம் தேவைப்படும்.

இன்னொரு எதிர்ப்பு இதைவிட வலுவானது: சி மொழியிலேயே பிழையில்லாமல் எழுதிக் காட்டியிருக்கிறார்களே! ஆம், ஆஸ்திரேலியாவில் உருவான எஸ்ஈஎல்4 என்ற சிறு கெர்னல், தன் வரையறைப்படிதான் நடக்கிறது என்று 2009-இல் கணித முறையில் நிறுவப்பட்டது. நினைவக விதி மீறல் இல்லை என்பதும் அந்த நிரூபணத்தில் அடக்கம். அதன் சி நிரல் சுமார் 8,700 வரிகள். அதை நிறுவ, மனித உழைப்பை ஆண்டுகளில் எண்ண வேண்டியிருந்தது. நல்ல சி நிரல் சாத்தியம் என்பதை எஸ்ஈஎல்4 மெய்ப்பிக்கிறது. கூடவே, அதற்கான விலையையும் சொல்லிவிடுகிறது. வாரந்தோறும் ஆயிரக்கணக்கான வரிகள் மாறும் லினக்ஸுக்கு அந்த விலையைக் கட்ட யாராலும் ஆகாது.

ரஸ்டைக் கொண்டாடுகிறவர்களின் நம்பிக்கைக்கும் ஒரு திருத்தம் வேண்டும். 2016-இல் உலகை உலுக்கிய ‘டர்ட்டி கவ்’, பெயரில்தான் ‘டர்ட்டி பைப்’புக்கு உறவு. அது பக்கங்களைப் பிரதியெடுக்கும் வரிசையில் இரண்டு வேலைகள் முந்திக்கொள்ளும் சிக்கல். ரஸ்டில் எழுதியிருந்தாலும் அந்தப் பிழை கண்ணில் படாமல் தப்பியிருக்கக்கூடும். ரஸ்ட் லினக்ஸுக்குள் நுழைந்தது 2022 டிசம்பரில், 6.1 பதிப்போடு. அதில் எழுதிய பகுதிக்கு முதல் சிவிஇ எண் (பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்) 2025 டிசம்பரில் கிடைத்தது. ‘பார்த்தீர்களா, ரஸ்டும் அப்படித்தான்’ என்று சிலர் மகிழ்ந்தார்கள். அன்றே சி நிரலுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் வழங்கப்பட்டதை அவர்கள் குறிப்பிடவில்லை. அந்த ரஸ்ட் பிழை இருந்தது, செயலிகள் ஒன்றோடொன்று பேச உதவும் ஆண்ட்ராய்டின் பைண்டர் பகுதியில், ‘அன்சேஃப்’ என்று வெளிப்படையாகக் குறியிட்ட ஒரு துண்டில். அங்கே கம்பைலரின் காவல் கிடையாது என்று எழுதியவரே எழுதிவைத்த இடம் அது. சோதிப்பவர் முதலில் போய் நிற்க வேண்டியதும் அங்கேதான்.

அதே பைண்டரின் சி வடிவத்துக்குப் பழைய கதை ஒன்று உண்டு. ஒரு த்ரெட் வெளியேறும்போது அதன் இடம் விடுவிக்கப்பட்டது. ஆனால் இன்னொரு பகுதி அந்த முகவரியைக் கையில் வைத்திருந்து பிறகு பயன்படுத்தியது. 2017-இல் தானியங்கிச் சோதனை இதைக் கண்டுபிடித்தது, 2018 பிப்ரவரியில் லினக்ஸில் திருத்தமும் வந்துவிட்டது. பேட்ச் வந்தால் பிரச்சினை முடிந்தது என்பவர்கள் அடுத்ததைக் கவனிக்க வேண்டும்: அந்தத் திருத்தத்துக்குச் சிவிஇ எண் வழங்கப்படவில்லை, ஆண்ட்ராய்டின் மாதாந்தரப் பாதுகாப்பு அறிவிப்பிலும் அது இடம்பெறவில்லை. கூகுளின் சொந்த பிக்சல் 2 உட்படப் பல ஃபோன்களுக்கு அது போய்ச் சேரவேயில்லை. 2019 அக்டோபரில், அந்த ஓட்டை வழியாக ஃபோன்களை ஒட்டுக்கேட்கிறார்கள் என்ற சந்தேகத்துடன் கூகுளின் ஆய்வுக் குழுவே அதை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.