திருகோணமலையிலே பதவி இழந்த தளபதி



வெலிங்டன் கோமகன் என்ற பெயரை உங்கள் பிள்ளைகள் சரித்திரப் புத்தகத்தில் படித்திருப்பார்கள். 1815-ம் ஆண்டு யூன் 18-ம் திகதி வாட்டர்லூ போர்க்களத்திலே நெப்போலியனை முறியடித்த ஆங்கிலத் தளபதி அவர் என்பதை எல்லோரும் அறிவர். ஆனால் வாலிப வயதில் அவர் நம்முடைய திருகோணமலையில் சில வாரங்கள் தங்கியிருந்தார் என்பதும், அந்நாளில் அவருக்கு நேர்ந்த ஏமாற்றமும், இருபத்தெட்டு ஆண்டுகளின் பின் கத்தோலிக்க மக்கள் பொருட்டு அவர் செய்த காரியமும் பலருக்குத் தெரியாதவை. பிரெட்றிக் கோட்டைக்குள் ஒரு பழைய கட்டடம் அவர் பெயரால் வழங்கிவருகிறது. அதைக் கடந்து போகிறவர்கள் பலர். அதன் கதையைக் கேட்டவர்கள் சிலரே.

இவரைப் புனிதராக்கிக் காட்டுவதற்காக நாம் இதை எழுதவில்லை. அவர் கத்தோலிக்கரும் அல்லர். கும்பனி ஆட்சிக்காக நாடு பிடித்த போர்வீரர் அவர். ஆயினும் ஒரு மனிதனின் வாழ்விலிருந்து குடும்பமாக இருந்து கற்கக்கூடிய பாடம் ஒன்று இங்கே இருக்கிறது. அவருடைய வெற்றிகளை விட்டுவிட்டு, அவர் விட்டுக்கொடுத்த இரண்டு சந்தர்ப்பங்களைப் பார்ப்போம். முதலாவது, பதவியை இழந்தபோது. இரண்டாவது, தம் சொந்த அபிப்பிராயத்தை இழக்க வேண்டி வந்தபோது.

படிப்படியாக ஏறியவர்

ஆதர் வெல்லெஸ்லி என்பது அவருடைய இயற்பெயர். 1769-ல் அயர்லாந்தில், பிரபு குடும்பம் ஒன்றிலே பிறந்தார். அதே ஆண்டில்தான் நெப்போலியனும் பிறந்தான். 1787-ல் படையில் சேர்ந்து, 1797-ல் தம் படைப்பிரிவோடு கல்கத்தா வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு அவருடைய அண்ணன் ரிச்சர்ட் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்து சேர்ந்தார்.

1799 மே 4-ல் சிறீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரிலே மடிந்தான். கோட்டை மதிலை ஏறிப் பிடித்த படைக்குத் தலைமை தாங்கியவர் டேவிட் பெயர்டு என்ற மேஜர் ஜெனரல். இந்தப் பெயர்டு 1780-ல் காஞ்சிபுரத்துக்கு அருகே ஐதர் அலியின் படையிடம் அகப்பட்டு, ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அதே சிறீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்தவர். அப்படிப்பட்டவர் கோட்டையைப் பிடித்துக் கொடுக்க, நகரத்தை ஆளும் பொறுப்போ அவரிலும் இளையவரான வெல்லெஸ்லிக்குக் கிடைத்தது. பெயர்டு இதைப் பெரும் அவமதிப்பாக எண்ணி மனம் கசந்தார். இந்தக் கசப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் வந்த ஏமாற்றம்

1795-ல் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றியிருந்தனர். எவ்வளவு பெரிய கப்பற்படையும் புயலுக்கு அஞ்சாமல் ஒதுங்கி நிற்கக்கூடிய துறைமுகம் அது. 1800-ம் ஆண்டின் கடைசியில் இந்து சமுத்திரத்துப் படையெடுப்பு ஒன்றுக்காக அங்கே படைகளைத் திரட்டினார்கள். பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மொரீசியசைத் தாக்குவதா, ஒல்லாந்தரின் பத்தாவியாவைத் தாக்குவதா என்று ஆலோசனைகள் நடந்தன. தலைமை தாங்க அனுப்பப்பட்டவர் கேணல் வெல்லெஸ்லி. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. டிசம்பர் மாதத்தில் வந்து சேர்ந்து, கப்பல், அரிசி, குடிநீர், வெடிமருந்து என்று ஒவ்வொன்றாய்க் கணக்குப் பார்த்து ஆயத்தம் செய்தார்.

இதற்கிடையில், படையைச் செங்கடல் வழியாக எகிப்துக்கு அனுப்பிப் பிரெஞ்சுக்காரரைத் தாக்க வேண்டும் என்ற கட்டளை இலண்டனிலிருந்து வந்தது. கல்கத்தாவில் தீர்மானம் மாறியது. இவ்வளவு பெரிய படைக்கு ஒரு கேணல் தலைமை தாங்குவது முறையல்ல, மூத்தவர் ஒருவரே தலைவராக வேண்டும் என்று முடிவாயிற்று. தலைமை பெயர்டுக்குப் போயிற்று. வெல்லெஸ்லி அவருக்குக் கீழே இரண்டாமவர் ஆனார். முடிவைச் செய்தவர் அவருடைய சொந்த அண்ணன்! சிறீரங்கப்பட்டணத்தில் பெயர்டு குடித்த அதே கசப்பை இப்போது வெல்லெஸ்லி குடிக்க வேண்டியதாயிற்று.

அவர் இதைப் புன்னகையோடு ஏற்றுக்கொண்டார் என்று சொன்னால் அது பொய். வீட்டாருக்கு மனம் நொந்து கடிதங்கள் எழுதினார். தமக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று முறையிட்டார். ஆனால் அதோடு நின்றுவிடவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. 1801 பெப்ரவரியில் திருகோணமலையிலிருந்து படைகளைப் பம்பாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். செங்கடலில் எப்படிப் படை நடத்துவது, தண்ணீருக்கு என்ன வழி, எங்கே இறங்குவது என்று தாம் ஆராய்ந்து வைத்திருந்தவற்றை எல்லாம் விரிவாக எழுதி, தம் இடத்தைப் பிடித்துக்கொண்ட பெயர்டுக்கே கொடுத்தார். மனம் வலித்தது, ஆனால் கை கடமையைச் செய்தது.

நம் வீடுகளிலும் இது நடப்பதுதானே? கந்தோரிலே பதவி உயர்வு கிடைக்காத தகப்பன், தன் இடத்துக்கு வந்தவனுக்கு வேலையைச் சொல்லிக் கொடுக்க மாட்டேன் என்கிறான். பங்குச் சபையிலே தலைவர் பதவி போனவுடன் கணக்குப் புத்தகத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளுகிறவர்களும் உண்டு. மனவருத்தம் பாவமல்ல. அந்த வருத்தத்தைச் சாட்டாக வைத்து, பிறருக்குச் சேரவேண்டிய நன்மையைத் தடுத்து நிறுத்துவதே பிழை.

மூழ்கிய கப்பலும் குறிஞ்சாக்கேணியும்

பம்பாயில் வெல்லெஸ்லி காய்ச்சலிலும் கொடிய சொறி நோயிலும் விழுந்தார். பயணம் போக முடியவில்லை. அவர் ஏறிச் செல்லவிருந்த ‘சூசன்னா’ என்ற கப்பல் செங்கடலிலே ஆட்களோடு மூழ்கிப் போயிற்று என்று அவர் சரித்திரத்தை எழுதியோர் கூறுவர். பெயர்டோ படையோடு பாலைவனத்தைக் கடந்து நைல் நதியை அடைந்தார். ஆனால் பெரிய சண்டைகள் அதற்குள் முடிந்துவிட்டன. எந்தப் பதவிக்காக வெல்லெஸ்லி அழுதாரோ, அந்தப் பதவியில் பெரும் புகழ் எதுவும் இருக்கவில்லை.

“பார்த்தீர்களா, கடவுள் காப்பாற்றினார்!” என்று சொல்ல நமக்கு நாவு துடிக்கும். பொறுங்கள். அந்தக் கப்பலோடு போனவர்களைக் கடவுள் கைவிட்டாரா?

நம் மாவட்டத்தில் இது வெறும் புத்தகக் கேள்வி அல்ல. கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டு வந்த காலத்தில், மக்கள் படகுப் பாதையிலே களப்பைக் கடந்தார்கள். 2021 நவம்பர் 23-ம் திகதி காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்துக்கென்று வெளிக்கிட்ட பிள்ளைகளும் தண்ணீரிலே மாண்டார்கள். அவர்கள் நம் அயலவரின் பிள்ளைகள். அப்படியான ஒரு நாளில், பிந்தி வந்ததனால் படகைத் தவறவிட்ட பிள்ளையின் தாய் கடவுளுக்கு நன்றி சொல்லுவாள், சொல்லத்தான் வேண்டும். ஆனால் “என் பிள்ளையில் கடவுளுக்கு இரக்கம்” என்று, பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதிலே விழும்படி சொல்லலாமா?

லூக்கா நற்செய்தியின் 13-ம் அதிகாரத்தை இன்றிரவு எடுத்து வாசியுங்கள். சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்துப்போனார்கள். அவர்கள் மற்றவர்களிலும் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று ஆண்டவரே பதில் சொல்லுகிறார். பிறகு தப்பியிருப்பவர்களை நோக்கி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். உடனே கனி கொடாத அத்திமரத்தின் உவமை வருகிறது. அந்த மரத்துக்கு இன்னும் ஓர் ஆண்டு தவணை கிடைக்கிறது, எதற்காக? கனி கொடுப்பதற்காக. ஆகவே தப்பிய உயிர் நமக்குக் கிடைத்த பரிசுச் சின்னம் அல்ல. அது ஒரு தவணை. வெல்லெஸ்லிக்குக் கிடைத்த தவணை ஐம்பத்தொரு ஆண்டுகள்.

தவணையில் விளைந்த கனி

1803 செப்டெம்பர் 23-ல் அசாயே என்ற இடத்தில் மராட்டியப் பெரும்படையை வென்றார். அவர் பக்கத்தில் மாத்திரம் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டும் காயப்பட்டும் வீழ்ந்தனர். அவர்களுள் சென்னைச் சிப்பாய்களும் பலர். 1805-ல் இந்தியாவை விட்டுப் போனார். ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளில் ஆறு ஆண்டுப் போர். 1814-ல் கோமகன் பட்டம். பிறகு வாட்டர்லூ. அந்த வெற்றியின் மறுநாள், மாண்டவர்களின் பெயர்களைக் கேட்டு அவர் கண்ணீர் விட்டார் என்பர்.

1828 ஜனவரியில் அவர் இங்கிலாந்தின் பிரதம மந்திரியானார். அக்காலத்தில் கத்தோலிக்கன் ஒருவன் பாராளுமன்றத்தில் அமர முடியாது. அமர வேண்டுமானால், நற்கருணையைப் பற்றிய நம் விசுவாசத்தை மறுத்து அவன் ஆணையிட வேண்டும். அயர்லாந்து மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். வெலிங்டனின் போர்களிலே இரத்தம் சிந்திய வீரர்களிலும் அநேகர் அயர்லாந்துக் கத்தோலிக்கரே. ஆயினும் அவரும் அவர் கட்சியும் இந்தத் தடைகளை நீக்கக் கூடாது என்ற பக்கத்திலேயே நெடுங்காலம் நின்றவர்கள்.

1828 யூலையில் டானியல் ஓகொனல் என்ற கத்தோலிக்க வழக்கறிஞர் அயர்லாந்தில் கிளேயர் தொகுதியில் வெற்றி பெற்றார். அவரை உள்ளே விடாவிட்டால் நாட்டில் இரத்தக் களரி மூளும் என்று வெலிங்டன் உணர்ந்தார். போரின் விலை அவருக்குத் தெரியும். உள்நாட்டுப் போர் ஒரு மாதம் நடப்பதைத் தடுக்கத் தம் உயிரையும் கொடுப்பேன் என்ற கருத்தில் பிரபுக்கள் சபையிலே பேசினார். அரசர் நான்காம் ஜோர்ஜ் மறுத்தார்; மந்திரிகள் பதவி துறக்கவே, அரசர் இணங்கினார். கட்சிக்காரர் துரோகி என்றார்கள். வின்சில்சி பிரபு பகிரங்கமாகப் பழித்து எழுத, 1829 மார்ச் 21-ல் இருவரும் துப்பாக்கியோடு நேருக்கு நேர் நிற்கும் மடமையும் நடந்தது. நல்லவேளையாக ஒருவருக்கும் காயமில்லை. வின்சில்சி மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். ஏப்பிரல் 13-ல் கத்தோலிக்கர் விடுதலைச் சட்டம் நிறைவேறியது.

இதிலும் குறை உண்டு. அதே வேளையில் அயர்லாந்தில் வாக்குரிமைக்கான சொத்து வரம்பை உயர்த்தி, ஏழைக் குடியானவர் பலரின் வாக்கைப் பறித்தார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்த கதை அது. இன்னொன்றையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கர் மீது சுமத்தப்பட்ட தடைகளை ஆளுநர் மெயிற்லண்ட் 1806-லேயே நீக்கிவிட்டார். புனித யோசப்வாஸ் அடிகளார் மறைந்து மறைந்து பூசை வைத்த இந்த நாட்டிலே, இலண்டனுக்கு இருபத்துமூன்று ஆண்டுகள் முன்னதாகவே அந்த விடுதலை வந்தது.

வெலிங்டன் 1852 செப்டெம்பர் 14-ல் காலமானார். திருகோணமலையில் அவர் பதவியை விட்டது கட்டாயத்தினால். இலண்டனில் தம் அபிப்பிராயத்தை விட்டதோ, தாமே தெரிந்துகொண்டு. முன்னதைவிடப் பின்னது கடினம். “நான் சொன்னது சொன்னதுதான்” என்று வீட்டிலே சாதிக்கிற நமக்கு இது தெரியாததா? தன் பிடிவாதத்தால் பிறர் பிள்ளை சாகும் என்று கண்டவுடன் பிடிவாதத்தைக் கைவிடுகிறவனே துணிவுள்ளவன்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நாம் இழந்த பதவி, வேலை, பரீட்சைச் சித்தி ஒன்றை நினைத்து, இன்றும் யாருக்காவது நன்மை செய்யாமல் இருக்கிறோமா?

2. துக்க வீட்டிலே “கடவுள் சித்தம்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோமா? அல்லது உட்கார்ந்து அழுது, அவர்களுக்கு ஒரு நேரச் சாப்பாடாவது கொடுக்கிறோமா?

3. வீட்டிலோ அயலிலோ சமாதானம் வர, நான் விட்டுக்கொடுக்க வேண்டிய பிடிவாதம் எது?

அடுத்த முறை திருகோணமலைக் கோட்டைப் பக்கம் போகும்போது பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். குறிஞ்சாக்கேணிப் பக்கம் போகும்போது ஒரு நிமிடம் நின்று, அந்தப் பிள்ளைகளுக்காகவும் அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் செபியுங்கள்.