கடைசிக் கேமராவில் எத்தனை வோல்ட்?

ஏணியும் டிரில்லிங் மெஷினும் வாங்கியாச்சு, இனி நானும் சிசிடிவி டெக்னீஷியன்தான் என்று கிளம்பும் தம்பிகளுக்கு இதை எழுதுகிறேன். நான் டி.வி. ரிப்பேரிலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவன். கேமரா எத்தனை மெகாபிக்சல், செல்போனில் தெரியுமா என்று வீட்டுக்காரர் அரை மணி நேரம் விசாரிப்பார். அதற்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கொட்டேஷனில் ஐந்நூறு குறையுங்கள் என்று அவர் சொன்னதும் நாமும் கை வைப்பது அந்தப் பெட்டியிலும் ஒயரிலும்தான். கேமரா போச்சு என்று கூப்பிட்ட வீடுகளுக்கு நான் ஓடியதில், கேமரா நல்லபடியாக இருந்த வீடுகளே அதிகம்.

1. பவர் சப்ளை வாங்கக் கடைக்குப் போகும் முன் கூட்டல் போடு. ஒவ்வொரு கேமராவின் ஸ்டிக்கரிலும் 12 வோல்ட் டி.சி., அதிகபட்சம் இத்தனை வாட் என்று இருக்கும். வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர். 5 வாட் கேமரா நான்கு என்றால் 20 வாட், ஏறத்தாழ 1.7 ஆம்பியர். இதற்கு 5 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். தாராளம். எட்டுக் கேமரா, ஒவ்வொன்றும் 6 வாட் என்றால் 48 வாட், சரியாக 4 ஆம்பியர். இங்கே 5 ஆம்பியர் போதுமே என்று தோன்றும். போதாது. பெட்டியின் திறனில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது என்பது நம் தொழிலின் பழைய கணக்கு. 4 ஆம்பியர் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. வேலை முடிந்து டீ குடிக்கும்போது, “மாட்டுக் கொட்டகைக்கும் ஒண்ணு போட்டுருங்களேன்” என்று வீட்டுக்காரர் சொல்வார், கட்டாயம் சொல்வார். 10 ஆம்பியர் பெட்டி வாங்கு. ராத்திரியிலும் கலரில் காட்டும் கேமராவில் வெள்ளை விளக்கு எரியும், அது கூடுதலாக இழுக்கும். சுழலும் கேமராவோ தனிச் சாப்பாட்டுராமன், அதற்குத் தனி சப்ளை கொடுத்துவிடு.

2. “5 ஆம்ப்ஸ் போட்டா கேமரா எரிஞ்சிடாதா அண்ணே?” என்று புதிதாக வரும் பையன்கள் எல்லோரும் கேட்கிறார்கள். எரியாது. வோல்ட் பொருந்த வேண்டும். ஆம்பியர் எவ்வளவு கூட இருந்தாலும் கேமரா தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும். பந்தியில் சோறு அதிகம் வடித்ததற்காக யாரும் அதிகம் சாப்பிடுவதில்லை. குறைந்தால்தான் சண்டை.

3. பகலில் படத்தைக் காட்டிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போகாதே. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். டி.வி.ஆரும் பவர் சப்ளையும் முகப்பை ஒட்டிய அறையில். மூன்று கேமரா முன்பக்கம், நான்காவது வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசலில். 60 மீட்டர் கேபிள் ஓடியது. மதியம் நாலும் பளிச்சென்று தெரிந்தன, வந்துவிட்டேன். மறுநாள் அந்த வீட்டு ஆச்சி போன் செய்தார்: “பகல் பூரா பின்வாசல் தெரியுதப்பா. விளக்கு வைக்கிற நேரமானா கண்ணை மூடிக்கிடுது.”

கேமராவை மாற்றினேன். அதுவும் மூடிக்கொண்டது. அதையும் மாற்றினேன். மூன்றாவது தடவை பொழுது சாயும்வரை பின்வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். இருட்டியதும் கேமராவுக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம், இன்ஃப்ராரெட் விளக்குகள் மங்கலாகச் சிவந்தன, உடனே அணைந்தன. சில நொடிக்குப் பிறகு மறுபடி டிக். கேமரா எழுந்து, இருட்டைப் பார்த்து, விளக்கைப் போட்டு, பலம் போதாமல் மயங்கி விழுந்து, மறுபடி எழுகிறது. விடிய விடிய இதே வேலை.

கணக்கு எளிது. பின்வாசலில் இரண்டு கம்பியையும் ஒன்றாக முறுக்கிவிட்டு, முகப்பு அறையில் மீட்டர் வைத்து அளந்தேன். போக 60, வர 60, ஆக 120 மீட்டர் கம்பிக்கு 10 ஓம். பகலில் அந்தக் கேமரா எடுப்பது 0.2 ஆம்பியர், கம்பியில் கரைவது 2 வோல்ட், கேமராவுக்குக் கிடைப்பது 10. சமாளித்துவிடும். ராத்திரி விளக்கு எரிந்தால் 0.4 ஆம்பியர். 4 வோல்ட் வழியிலேயே போய்விடும், மிச்சம் 8. பெட்டி 12 வோல்ட்தான் கொடுத்துக்கொண்டிருந்தது, கேமராவிலும் பழுதில்லை. குறை நான் இழுத்த கம்பியில்.

ஆகவே மீட்டரை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள். பெட்டியில் வைத்தால் எல்லா வீட்டிலும் 12 காட்டும். கடைசிக் கேமராவின் பின்னில், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது, விளக்கு எரியும்போது வை. ராத்திரிவரை நிற்க முடியாவிட்டால் லென்ஸையும் பக்கத்திலுள்ள சென்சாரையும் கறுப்புத் துணியால் மூடு, இருட்டு என்று நம்பி விளக்கைப் போடும். 11 வோல்ட்டுக்குக் கீழே போனால் நான் அந்த வேலையை முடிந்ததாக எண்ணுவதில்லை. கூடக் குறைய எத்தனை சதவீதம் தாங்கும் என்று கம்பெனி போட்டிருந்தாலும் அந்த எல்லையிலேயே போய் நிற்காதே. கம்பி பழசாகும், ஜாயின்ட் துருப்பிடிக்கும்.

4. ஒயரில் மிச்சம் பிடிக்காதே. 3+1 கேபிள் சுருளில் காப்பர் என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பி வாங்காதே. பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பார்; உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. செம்பைவிட அதில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகமாக வோல்ட் இறங்கும். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, அதைத் தொடாதே. 3+1-ல் சும்மா கிடக்கும் மூன்றாவது கம்பியை மைனஸோடு சேர்த்துவிட்டால் கொஞ்சம் உயிர் வரும். தூரம் அதிகமென்றால் பவருக்கு மட்டும் தனி ஒயர் இழு. அந்த ஆச்சி வீட்டில் கடைசியில் அதைத்தான் செய்தேன்: 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு, இரண்டு கம்பி. பத்து ஓம் ஒன்றரை ஓம் ஆனது. இரண்டு புதுக் கேமராவின் காசு என் கையைக் கடித்தது வேறு கதை.

5. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஒரு சின்னத் திருகு இருக்கும், திருப்பினால் 12 என்பது 13, 13.5 என்று ஏறும். தூரத்துக் கேமராவுக்காக இதைத் திருப்பிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பக்கத்தில் இருக்கும் கேமராக்களும் அதே 13.5-ஐத்தான் குடிக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். அரை வோல்ட் ஏற்றலாம், அதற்குமேல் கம்பியை மாற்று.

6. பெட்டியைக் கையில் தூக்கிப் பார். 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், தூக்கினால் தீப்பெட்டி கனம் இருக்கும். எழுத்துக்குக் காசில்லை, உள்ளே போடும் செம்புக்கும் கெப்பாசிட்டருக்கும்தான் காசு. அடாப்டர் என்றால் பி.ஐ.எஸ். முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்கிறதா பார், சந்தேகமிருந்தால் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைத் தட்டலாம். ஒவ்வொரு கேமராவுக்கும் தனி ஃபியூஸ் உள்ள பெட்டியாக வாங்கு. இல்லாவிட்டால் ஒரு கேமராவில் மழைத்தண்ணீர் இறங்கி ஷார்ட் ஆனால் நாலும் சேர்ந்து கண் மூடும். சில இரும்புக்கூட்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டில் 115, 230 என்று ஒரு சுவிட்ச் உண்டு. 115-ல் கிடப்பதைக் கவனிக்காமல் நம்மூர் லைனில் சொருகினால் தீபாவளிதான்.

எங்கே வைக்கிறாய் என்பதும் முக்கியம். பரண்மேல் பழைய மெத்தைக்கு அடியில் எஸ்.எம்.பி.எஸ். வைத்திருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். பத்து டிகிரி சூடு கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பார்கள். சித்திரை மாதத்துப் பரணில் என்ன ஆகும் என்று நீயே யோசி. காற்றோட்டம் வேண்டும், ஆனால் ஓட்டை பெரிதாக இருந்தால் பல்லி நுழையும். பல்லி விழுந்து ஷார்ட் ஆன பெட்டிகளையும், சர்க்கியூட் போர்டில் எறும்பு குடித்தனம் நடத்திய பெட்டிகளையும் நிறையத் திறந்திருக்கிறேன். ஓட்டைகளுக்குக் கொசுவலைத் துண்டு ஒட்டினால் போதும்.

7. டி.சி. பின்னில் உள்ளே பிளஸ், வெளியே மைனஸ். பச்சைக் கனெக்டரில் திருகு இறுக்கியபின் ஒயரை ஒருமுறை இழுத்துப் பார். ஜாயின்ட்டை டேப் சுற்றி வெயிலில் விடாதே, கேமராவுக்குப் பின்னால் பெட்டி அடித்து உள்ளே வை. ஒயர் பெட்டிக்குள் நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

8. டி.வி.ஆரின் அடாப்டர் தனி. அதைக் கேமரா பெட்டியோடு சேர்த்துக் கட்டாதே. உள்ளே ஹார்ட் டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் அந்தச் சில நொடிகளில்தான் கரண்ட் அதிகம் இழுக்கும். அடாப்டர் தொலைந்தது என்று ஏதோ ஒரு 1 ஆம்பியர் அடாப்டரைச் சொருகினால் ‘கிளிக் கிளிக்’ என்று டிஸ்க் முனகும், பதிவு இருக்காது. நேரலையில் படம் தெரிவதால் வீட்டுக்காரருக்கும் தெரியாது. திருடன் வந்துபோன பிறகுதான் தெரியும்.

9. கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை வேலை ஒப்புக்கொள்ளும்போதே பேசு. மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் மதியம் 2 வரை மின்தடை என்று பேப்பரில் போடுவார்கள். நாலு கேமரா 20 வாட், டி.வி.ஆர். 15, இன்டர்நெட் பெட்டி 10, ஆக 45 வாட். ஐந்து மணி நேரத்துக்கு 225 வாட்-மணி வேண்டும். கம்ப்யூட்டருக்கு வைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏ.ஹெச். பேட்டரி. பெருக்கினால் 84. அதிலும் நஷ்டம் போக, புதுசில் ஒரு மணி நேரம் தாண்டினால் பெரிது. வீட்டில் 150 ஏ.ஹெச். பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருந்தால் கவலையில்லை, 1800 இருக்கிறது. அந்த லைனில் கேமரா பெட்டி, டி.வி.ஆர்., இன்டர்நெட் பெட்டி மூன்றும் இருக்க வேண்டும். இரண்டை மாட்டிவிட்டு மூன்றாவதை மறந்த வீடுகள் ஏராளம். இன்வெர்ட்டருக்குப் பின்னால் யு.பி.எஸ். மோடு சுவிட்ச் இருந்தால் அதில் வை. கரண்ட் மாறும் அந்தக் கணத்தில் டி.வி.ஆர். அணைந்து எழாமல் இருக்கும்.

10. எர்த் இல்லாத பிளக்கில் எஸ்.எம்.பி.எஸ். மாட்டாதே. இரும்புப் பெட்டியில் கை பட்டால் சுருக்கென்று இழுக்கும், படத்தில் கோடு கோடாக ஓடவும் செய்யும். மொட்டை மாடிக் கேமரா இருந்தால் இடிமழைக் காலத்துக்கு முன் சர்ஜ் புரொடெக்டர் போடச் சொல்; மறுத்தால் மறுத்ததைப் பில்லில் எழுதிவை.

11. புது வீடு, சுவர் இன்னும் பூசவில்லை என்றால் பி.ஓ.இ. கேமராவுக்கே போகச் சொல். ஒரே நெட்வொர்க் கேபிளில் படமும் பவரும் போகும், 48 வோல்ட்டை ஒட்டிய அழுத்தத்தில். 5 வாட் கேமராவுக்கு அதில் 0.1 ஆம்பியர் போதும். ஆச்சி வீட்டுப் பழைய 10 ஓம் கம்பியிலேயே அனுப்பியிருந்தாலும் 48-ல் 1 வோல்ட்தான் போயிருக்கும். ஆனால் இங்கும் கூட்டல் உண்டு. சாதாரண பி.ஓ.இ.யில் ஒரு போர்ட் 15.4 வாட் கொடுக்கும், கேபிளில் போனது போகக் கேமராவுக்கு 12.95 வாட் உறுதி. அதற்காக எட்டுப் போர்ட் சுவிட்ச் 123 வாட் தரும் என்று நினைக்காதே. மொத்தம் 60 வாட் என்று அதன் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். போர்ட்டை எண்ணாதே, அந்த எழுத்தைப் படி.

12. வேலை முடிந்ததும் பெட்டி மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் தேதியும், விளக்கு எரியும்போது ஒவ்வொரு கேமராவிலும் அளந்த வோல்ட்டும் எழுதிவை. இரண்டு வருடம் கழித்துப் போகிறவன், நீயாக இருந்தாலும் வேறு யாராக இருந்தாலும், எங்கே தேய்ந்திருக்கிறது என்று அரை நிமிடத்தில் கண்டுபிடிப்பான். ஆச்சி வீட்டுப் பெட்டியில் என் கையெழுத்தில் இன்றும் இருக்கிறது: ‘பின்வாசல், இரவு, 11.4.’