ரிவர்ஸ் லைட் எரியலையா? கரண்ட் எங்கே நிக்குதுன்னு பாரு!

தங்கச்சி, பழைய காரை எஃப்.சி.க்குக் கொண்டுபோற வாரம்தான் நம்ம ஆளுங்களுக்கு ரிவர்ஸ் லைட் ஞாபகமே வரும். ஹெட்லைட் போனா அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சிடும். பின்னாடி இருக்கிற வெள்ளை லைட் மாசக்கணக்கா செத்துக் கிடந்தாலும் ஓட்டுறவங்களுக்குத் தெரியாது. சொந்தக் காருக்கு 15 வருஷத்துல ஆர்.சி. புதுப்பிக்கணும், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்குத்தான் இந்த எஃப்.சி. மாருதி 800 உற்பத்தியையே 2014 ஜனவரியில நிறுத்தியாச்சு. அந்த வண்டியை இன்னும் வெச்சிருக்கிற வீடுகள்ல இது அடிக்கடி வர்ற தலைவலி.

ரிவர்ஸ் லைட்டுக்காக ஒர்க்‌ஷாப்புக்குப் போனா, 'ஒயரிங் மொத்தமும் போயிடுச்சும்மா'ன்னு சொல்றவங்க உண்டு. கேட்டுட்டுத் தலையாட்டாதே. வண்டியிலேயே எளிமையான லைன் இதுதான். ஃபியூஸ்ல கிளம்புற கரண்ட், கியர் பாக்ஸ்ல இருக்கிற ஒரு சின்ன சுவிட்சுக்கு வரும். நீ ரிவர்ஸ் கியர் போட்டதும் அந்த சுவிட்ச் சேரும். அங்கிருந்து பின்னாடி பல்புக்குப் போய், பல்பிலிருந்து எர்த் வழியா பாடிக்கு இறங்கிடும். இதுல எந்த இடத்துல கரண்ட் நிக்குதுன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் ஒரு பொருளும் வாங்காதே.

முதல்ல வண்டியைச் சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக்கொடு. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பி, ரிவர்ஸ் கியர் போட்டுட்டு இறங்கி வந்து பாரு. அம்பாசடர், பத்மினி மாதிரி பிளாட்டினம் பாயிண்ட் வெச்ச வண்டின்னா சாவியை ரொம்ப நேரம் ஆன்ல விடாதே, காயில் சூடேறிடும்.

ரெண்டுல ஒண்ணு மட்டும் எரியலையா, ரெண்டுமே எரியலையா? பாதி வேலை இந்தக் கேள்வியிலேயே முடிஞ்சிடும். ஒண்ணு எரியுதுன்னா ஃபியூஸும் நல்லாயிருக்கு, சுவிட்சும் நல்லாயிருக்கு. எரியாத பக்கத்து பல்பு, ஹோல்டர், எர்த் இதை மட்டும் பார்த்தா போதும். ரெண்டுமே எரியலைன்னா ரெண்டு பல்பும் ஒரே நாள்ல ஃபியூஸாகியிருக்க வாய்ப்பு கம்மி. அப்போ முன்பக்கத்துலேர்ந்துதான் தேடணும். சில மாடல்கள்ல கம்பெனியே ஒரு பக்கம்தான் ரிவர்ஸ் லைட் கொடுத்திருப்பாங்க. இல்லாத பல்பைத் தேடிட்டு இருக்காதே.

பல்பைக் கழட்டிப் பார்க்கும்போது உள்ளே கம்பி அறுந்திருக்கா, கண்ணாடி கறுத்திருக்கான்னு பாரு. பெரும்பாலும் 12 வோல்ட் 21 வாட்ஸ், அடியில ஒரே ஒரு புள்ளி இருக்கிற சிங்கிள் கான்டாக்ட் பல்புதான் இதுக்கு வரும். கடையில அவசரத்துல பிரேக் லைட்டுக்கான டபுள் கான்டாக்டை எடுத்துக் கொடுத்துடுவாங்க. அதுல பக்கவாட்டு மூக்கு ரெண்டும் ஏத்த இறக்கமா இருக்கும், இந்த ஹோல்டர்ல சரியா உட்காராது. உட்காரலைன்னா அழுத்தித் திருகாம, பழைய பல்பைக் கையோட கொண்டுபோய்க் காட்டி மாத்திட்டு வா.

புது பல்பு போட்டும் எரியலைன்னா ஹோல்டருக்குள்ள டார்ச் அடிச்சுப் பாரு. நடுவுல இருக்கிற பித்தளைப் புள்ளியில பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். லைட் கவர் ரப்பர் காய்ஞ்சு, மழைத்தண்ணி உள்ளே போன வண்டிகள்ல இது சர்வ சாதாரணம். கடற்கரை ஊர்ன்னா சொல்லவே வேண்டாம். பாட்டரி ஒயரைக் கழட்டிட்டு உப்புத்தாளை பென்சில் முனையில சுத்தித் தேய்ச்சு எடு. புள்ளிக்கு அடியில இருக்கிற ஸ்பிரிங் தளர்ந்து பல்பைத் தொடாம இருந்தாலும் எரியாது. லேசா நெம்பி விடு.

இப்போ எர்த். பழைய வண்டியில பாதி வில்லங்கம் இதுலதான். ரிவர்ஸ் போட்டா லைட் மங்கலா எரியுது, கூடவே இண்டிகேட்டரோ டெயில் லைட்டோ மினுக்குதுன்னு வை. அதுக்குப் பேய் பிடிக்கலை. தன்னோட எர்த் கிடைக்காத கரண்ட், பக்கத்து பல்பு வழியாப் பாடிக்குப் போகப் பாக்குது. டிக்கிக்குள்ள டெயில் லைட்டுக்குப் பின்னாடி, ஒரு ஒயர் பாடியில போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். பெரும்பாலும் கறுப்பு ஒயர். எஃப்.சி.க்கு முன்னாடி டிங்கரிங், பெயின்டிங் பண்றோம் பாரு, அப்போ அந்த இடத்து மேலேயும் பெயின்ட் அடிச்சுட்டு அதே போல்ட்டைத் திரும்ப முடுக்கிடுவாங்க. பெயின்டுக்கு மேல எர்த் எங்கே கிடைக்கும்? பெயின்டைச் சுரண்டி, தகரம் பளபளன்னு தெரியுற வரைக்கும் தேய்ச்சு, போல்ட்டை இறுக்கிட்டு மேல கொஞ்சம் கிரீஸ் தடவிடு. துரு அண்டாது. இதுதான் கோளாறான்னு சந்தேகமா இருந்தா, ஹோல்டரோட எர்த் ஒயர்லேர்ந்து பாடியில வேற ஒரு சுத்தமான போல்ட்டுக்குத் தனியா ஒரு ஒயரைத் தொட்டுப் பாரு. லைட் பளிச்சுன்னு வந்தா சந்தேகமே வேண்டாம்.

ரெண்டும் எரியாத வண்டிக்கு வருவோம். ஃபியூஸ் பார்க்குறது நிமிஷ வேலை. நிறைய வண்டிகள்ல ரிவர்ஸ் லைட்டுக்குத் தனி ஃபியூஸ் இருக்காது, இண்டிகேட்டரோ மீட்டரோ ஏதாவது ஒண்ணோட கூட்டா இருக்கும். கூட இருக்கிறது வேலை செஞ்சா ஃபியூஸைச் சந்தேகப்பட வேண்டாம். போயிருந்தா அதே ஆம்பியர்ல மாத்து. சிவப்புன்னா 10, நீலம்னா 15. ரெண்டு பல்பும் சேர்ந்து இழுக்கிறதே 3.5 ஆம்பியர்தான், அதுக்காக ஃபியூஸ் போகாது. புதுசு போட்டு ரிவர்ஸ் விழுந்ததும் மறுபடி போச்சுன்னா எங்கேயோ ஒயர் பாடியில உரசுதுன்னு அர்த்தம். சிகரெட் பாக்கெட் ஈயத்தாளைச் சுத்திச் சொருகுற வித்தையை யாராவது செஞ்சு காட்ட வந்தா, வேண்டாம்னு சொல்லிடு. ஃபியூஸ் போகாம ஒயர் எரியும்.

அடுத்து கியர் பாக்ஸ் சுவிட்ச். 800, ஜென் மாதிரி வண்டிகள்ல பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குப் பக்கத்துல கியர் பாக்ஸ் மேல ரெண்டு ஒயர் போய்ச் சேர்ற இடத்தைத் தேடு. ஆம்னி, அம்பாசடர்னா வண்டிக்கு அடியில போகணும். அதை மெக்கானிக் கிட்ட விட்டுடு. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில படுக்கக் கூடாது, மெக்கானிக்கும்தான். சுவிட்ச் கிட்டத்தட்ட பெரிய போல்ட் மாதிரி இருக்கும், தலையில ஒயர் முளைச்சிருக்கும். கனெக்டரைப் பிரிச்சு, வண்டிப் பக்கத்துலேர்ந்து வர்ற ரெண்டு ஒயரையும் ஒரு துண்டு ஒயரால இணை. சாவி ஆன்ல இருக்கணும். பின்னாடி லைட் எரிஞ்சா ஒயரிங் மொத்தமும் சுத்தம், கோளாறு சுவிட்ச்லதான். ஒயரிங் செட் மாத்தணும்னு சொன்னவர் கிட்ட இதைக் காட்டு.

உடனே சுவிட்ச் வாங்க ஓடாதே. துண்டு ஒயரை எடுத்துட்டு கனெக்டரைத் திரும்ப மாட்டி, ரிவர்ஸ் போட்டு கியர் லீவரைப் பிடிச்சு இப்படி அப்படி அசைச்சுப் பாரு. அசைக்கும்போது லைட் விட்டு விட்டு எரிஞ்சா, லீவர் புஷ் தேய்ஞ்சு கியர் முழுசா விழலையோ என்னவோ. அதையும் பார்க்கச் சொல்லு. சுவிட்சே கெட்டுப்போச்சுன்னா கழட்டுறதுக்கு முன்னாடி சுத்தியிருக்கிற மண்ணைத் துணியால துடை, இல்லைன்னா கியர் பாக்ஸுக்குள்ள விழும். ஆயில் கொஞ்சம் சொட்டும், கீழே தட்டு வை. அடியில இருக்கிற வாஷர் எவ்வளவு தடிமனோ அதே தடிமன்தான் புதுசும் இருக்கணும். தடியா போட்டா சுவிட்ச் முனை உள்ளே எட்டாது, புது சுவிட்ச் போட்டும் லைட் எரியாது. கியர் பாக்ஸ் அலுமினியம், மரை போயிடும், அதனால மூர்க்கமா முடுக்க வேண்டாம். புதுசு கிடைக்காத மாடல்னா சென்னையில ஜி.பி. ரோட்டுல கேட்டுட்டு, அங்கேயும் இல்லைன்னா புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடைகளைப் பாரு. சுவிட்ச் முனை உள்ளேயே சிக்கிக்கிட்டா தலைகீழாவும் நடக்கும். முன்னாடி போகும்போதும் வெள்ளை லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், பின்னாடி வர்றவங்க டிப்பர் அடிச்சே ஓய்ஞ்சிடுவாங்க.

சுவிட்ச் கனெக்டர்ல துண்டு ஒயரால இணைச்சும் எரியலைன்னா, அந்த ரெண்டு ஒயர்ல ஒண்ணுல கரண்ட் வருதான்னு பாரு. வரலைன்னா ஃபியூஸ் பக்கம், வந்தா பின்பக்கம் போற ஒயர். இதுக்கு நான் மல்டிமீட்டரை விட டெஸ்ட் லேம்பைத்தான் நம்புவேன். பைக் இண்டிகேட்டர் பல்பு ஒண்ணு, ஹோல்டர், ரெண்டு ஒயர், அவ்வளவுதான். உள்ளே ஒரே ஒரு இழை மட்டும் அறுபடாம நிக்கிற ஒயர்ல மீட்டர் 12 வோல்ட்னு பெருமையா காட்டும், பல்பைப் போட்டா எரியாது. ஏர்பேக் இருக்கிற வண்டின்னா மஞ்சள் கனெக்டர் பக்கம் மட்டும் டெஸ்ட் லேம்பை நீட்டாதே.

பின்பக்க ஒயர் எங்கே அறும்? லைட் டிக்கிக் கதவுல இருக்கிற வண்டின்னா, கீல் பக்கத்துல இருக்கிற ரப்பர் குழாய்க்குள்ள. தினம் திறந்து மூடி அங்கேதான் முறியும். அடுத்த சந்தேகம் எலி. மூணாவது, ரிவர்ஸ் ஹாரன். பாட்டுப் பாடுற அந்தப் பொட்டிக்கும், பார்க்கிங் கேமராவுக்கும் கரண்ட் இந்த லைன்லேர்ந்துதான் எடுத்திருப்பாங்க. ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுத்தியிருப்பாங்க. சித்திரை வெயில்ல டேப் பிசின் உருகி வழுக்கி, செம்பு வெளியே வந்திருக்கும். டேப்பைப் பிரிச்சு சால்டர் வெச்சு, மேல ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடச் சொல்லு.

எல்லாம் சரியானதும் 'பிரகாசமா இருக்கட்டும்'னு அதிக வாட்ஸ் பல்பு வாங்கிப் போடாதே. பிளாஸ்டிக் ஹோல்டர் இளகிடும். எல்.இ.டி. போடலாம், சூடு கம்மி. ஆனா நிறம் வெள்ளையா இருக்கணும், நீலம் பார்த்து மயங்காதே. திருகாம நேரா சொருகுற மாதிரி பல்பா இருந்து எல்.இ.டி. எரியலைன்னா, திருப்பிப் போட்டுப் பார்த்துட்டு அப்புறம் கடைக்காரர் கிட்ட சண்டைக்குப் போ.